அரிசி ஆலைப் புகையிலிருந்து ஃபார்மேட்: நீர்த்த கரியமில வாயுவை மின்சாரத்தால் மாற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

உமி எரிக்கும் புழுங்கல் அரிசி ஆலையின் புகைபோக்கியில் வெளியேறும் வாயுவில் கரியமில வாயு சுமார் 10 முதல் 13 சதவீதம்தான். கூடவே 8 முதல் 10 சதவீதம் ஆக்சிஜன், நீராவி, பறக்கும் சாம்பல், மீதியெல்லாம் நைட்ரஜன். குத்தாலம், திருமாக்கோட்டை போன்ற எரிவாயு மின்நிலையங்களின் புகை இன்னும் நீர்த்தது. எரிவாயு டர்பைனில் கரியமில வாயு 3 அல்லது 4 சதவீதம்தான் இருக்கும், ஆக்சிஜனோ 13 முதல் 15 சதவீதம். நாம் மூச்சு விடும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

மின்வேதியியல் முறையில், அதாவது மின்சாரம் பாய்ச்சி, கரியமில வாயுவை ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) போன்ற வேதிப்பொருளாக்கிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிலிண்டரிலிருந்து வந்த 99.9 சதவீதத் தூய வாயுவில் எடுத்த எண்கள். அந்த எண்களை நம் ஊர்ப் புகைபோக்கிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. டெல்டாவில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதல் வாரத்திலேயே நீர்த்த வாயுவில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகளை அந்த எண்ணத்தோடுதான் அமைத்திருக்கிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்பவர்களையும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் செய்யும் வேலை இல்லை இது. புகை உறிஞ்சும் அறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் உள்ள ஆய்வகம் வேண்டும்.

எந்தப் பொருளைக் குறிவைப்பது?

கரியமில வாயுவுக்கு எலக்ட்ரானைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை கேத்தோடில் (எலக்ட்ரானைக் கொடுக்கும் எதிர்மின்முனையில்) இருக்கும் உலோகம்தான் முடிவு செய்கிறது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி 1980-களில் உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து இதை ஒழுங்குபடுத்தினார். தங்கமும் வெள்ளியும் துத்தநாகமும் கார்பன் மோனாக்சைடு தரும். வெள்ளீயம், காரீயம், இண்டியம், பிஸ்மத் ஆகியவை ஃபார்மேட் தரும். செம்பு மட்டும் மீத்தேன், எத்திலீன், எத்தனால் வரை போகும். பிளாட்டினம், நிக்கல், இரும்பு ஆகியவற்றில் தண்ணீர்தான் உடைந்து ஹைட்ரஜன் வரும். கரியமில வாயு அப்படியே கிடக்கும்.

தொடங்குபவர்களுக்கு வெள்ளீயமும் ஃபார்மேட்டும்தான் சரி. எத்திலீனுக்கு 12 எலக்ட்ரான் வேண்டும், ஃபார்மேட்டுக்கு இரண்டே போதும். விளைபொருள் கரைசலிலேயே தங்கிவிடுவதால் விலையுயர்ந்த வாயு நிறப்பகுப்புக் கருவி இல்லாமல் ப்யூரெட்டிலேயே அளந்துவிடலாம். வெள்ளி மின்முனையில் வருவதுபோல நச்சுவாயு பெருமளவில் வராது. சந்தையும் உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கவும், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலிலும், பசுந்தீவனத்தைப் பதப்படுத்தி ஊறுகாய்ப்புல் செய்யவும் ஃபார்மிக் அமிலம் பயன்படுகிறது. ஆய்வகத்தில் செய்த கரைசலை மட்டும் மாட்டுத் தீவனத்தில் கலந்து பார்க்காதீர்கள்.

கையை வைக்கும் முன் ஒரு கணக்கு

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

25 டிகிரியில், தூய கரியமில வாயுவை ஒரு வளிமண்டல அழுத்தத்தில் குமிழ்விட்டால், ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 33 மில்லிமோல் கரையும். கரைந்த மூலக்கூறுகள் மின்முனையை ஒட்டிய அசையாத நீர்ப்படலத்தைக் கடந்து வந்தாக வேண்டும். நன்றாகக் கலக்கும் சாதாரணக் கலத்தில் அந்தப் படலம் சுமார் 100 மைக்ரான் தடிமன் இருக்கும். கரியமில வாயுவின் விரவல் எண்ணை (நீரில் அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு, வினாடிக்கு 1.9 × 10⁻⁹ சதுர மீட்டர்) போட்டுக் கணக்கிட்டால், இரண்டு எலக்ட்ரான் வினைக்கு ஒரு சதுர செ.மீ.க்கு அதிகபட்சம் 12 மில்லி ஆம்பியர் வரும். அதற்கு மேல் மின்னோட்டத்தை ஏற்றினால், கூடுதலாக ஏற்றியது முழுவதும் ஹைட்ரஜனாகப் போகும்.

இப்போது வாயு 12 சதவீதம் என்று வையுங்கள். கரையும் அளவும் அதே விகிதத்தில் குறையும். உச்ச வரம்பு 1.4 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். டர்பைன் புகைக்கு 0.4. வெறும் காற்றுக்கு 0.005. சிலிண்டர் வாயுவில் 10 மில்லி ஆம்பியரில் அருமையாக வேலை செய்த அதே வெள்ளீயத் தகடு, ஆலைப் புகையில் அதே மின்னோட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு மின்சாரத்தை ஹைட்ரஜனுக்குத் தாரை வார்த்துவிடும். வினையூக்கியான அந்தத் தகடு கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும். அதில் ஒரு குறையும் இருக்காது. வாயு போதவில்லை, அவ்வளவுதான்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25-லிருந்து 35 டிகிரிக்குப் போனால் கரையும் அளவு ஏறக்குறைய கால் பங்கு குறையும். அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாத ஆய்வகத்தில் எடுத்த எண்ணையும் மார்கழியில் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது. கலத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியில் வைத்து வெப்பநிலையை நிலைநிறுத்துங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள்.

ஆக்சிஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரியமில வாயுவைவிட ஆக்சிஜன் எலக்ட்ரானை எளிதில் பிடுங்கிக்கொள்ளும், ஒரு மூலக்கூறுக்கு நான்கு. ஆனால் அது நீரில் கரைவது கரியமில வாயு கரைவதில் சுமார் 26-ல் ஒரு பங்குதான். அதனால் 12 சதவீதம் கரியமில வாயுவும் 8 சதவீதம் ஆக்சிஜனும் உள்ள ஆலைப் புகையில், நீரில் மூழ்கிய மின்முனையில் ஆக்சிஜன் திருடும் பங்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். டர்பைன் புகையிலோ அது கால் பங்காகிவிடும். வாயுவை நேரடியாக வினையூக்கிக்குக் கொண்டுசெல்லும் வாயு விரவல் மின்முனையில் இந்த நீர்த்தடுப்பு மிகவும் மெலிந்துவிடும். அங்கே ஆக்சிஜன் பெருமளவு மின்சாரத்தை விழுங்கும். எந்தப் புகைபோக்கிக்கு எந்தக் கலம் என்று தீர்மானிப்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

தேவையான சாமான்கள்

எச் வடிவக் கண்ணாடிக் கலம், இரு பக்கமும் 50 மி.லி. கொள்வதாக. நடுவே நேஃபியான் 117 போன்ற நேரயனிப் பரிமாற்றச் சவ்வு. கேத்தோடுக்கு 99.9 சதவீத வெள்ளீயத் தகடு, கரைசலில் மூழ்கும் பரப்பு 10 ச.செ.மீ. (இரு பக்கமும் சேர்த்து, ஒரு பக்கம் மட்டும் வேண்டுமென்றால் மறுபக்கத்தை எப்பாக்சி பூசி மூடுங்கள்). ஆனோடுக்கு (நேர்மின்முனை) நிக்கல் வலை. வெள்ளி–வெள்ளிகுளோரைடு ஒப்பீட்டு மின்முனை. பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தை நிலையாகப் பிடிக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாறாத மின்னோட்டம் தரும் டி.சி. பவர் சப்ளையும் ஒரு மல்டிமீட்டரும் போதும். கரியமில வாயு, நைட்ரஜன் சிலிண்டர்கள், மீன்தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்ப், மூன்று ரோட்டாமீட்டர் (வாயு ஓட்டத்தை அளப்பது), காந்தக் கலக்கி.

கும்பகோணம் கடைத்தெருவில் ரசம் வைக்க வாங்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் காரீயக் கலப்பு உள்ள சொம்புகளும் விற்பனைக்கு வருகின்றன. காரீயமும் ஃபார்மேட் தரும் உலோகம் என்பதால், எது எதைத் தந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வகத் தகடே வாங்குங்கள். சால்டர் கம்பியும் வேண்டாம். காரீயமில்லாத வகையில்கூடச் செம்பு கலந்திருக்கும்.

படி 1: தண்ணீரும் மின்பகுளியும்

கடலோர டெல்டாவில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும், இரும்பும் இருக்கும். இரண்டுமே இந்த வேலைக்கு எதிரி. குளோரைடு ஆனோடு பக்கம் போனால் குளோரினாகவோ, காரக் கரைசலில் ஹைப்போகுளோரைட்டாகவோ மாறக்கூடும். இரும்பு அணு அணுவாக வெள்ளீயத்தின் மேல் படிந்து, சில மணி நேரத்தில் அதை ஹைட்ரஜன் மின்முனையாக மாற்றிவிடும். வாலைவடிநீர் தவிர வேறெதையும் தொடாதீர்கள். கலத்தைக் கடைசியாகக் கழுவுவதும் அதிலேயே இருக்கட்டும்.

கேத்தோடு பக்கம் 0.5 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட், ஆனோடு பக்கம் 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பைகார்பனேட்டில் இருக்கும் சொற்ப இரும்பையும் நீக்க, வேறொரு வெள்ளீயத் துண்டைப் போட்டு இரவு முழுவதும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் ஓடவிட்டு, காலையில் அந்தத் துண்டை எடுத்து எறிந்துவிடுங்கள். பலர் தவிர்த்துவிடும் வேலை இது. ஆனால் இதைச் செய்தவர்களின் எண்கள்தான் மறுநாளும் அப்படியே வரும்.

படி 2: சவ்வு

நேஃபியானை 80 டிகிரியில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, வாலைவடிநீர், 0.5 மோலார் கந்தக அமிலம், மறுபடி வாலைவடிநீர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் வைத்தெடுத்து, பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போடுங்கள். சவ்வு இல்லாமல் ஒரே கலத்தில் செய்தால் கேத்தோடில் உண்டான ஃபார்மேட் ஆனோடுக்குப் போய் எரிந்து மறுபடியும் கரியமில வாயுவாகிவிடும். எதிரயனிச் சவ்வு போட்டாலும் ஃபார்மேட் கசியும். அதனால்தான் நேரயனிச் சவ்வு.

படி 3: தகட்டைத் தயார் செய்தல்

மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை நிமிடம் முக்கி, நன்றாக அலசுங்கள். தகடு பால்வெள்ளை நிறத்தில் சீராகத் தெரிய வேண்டும். ஓட்டம் முடிந்து எடுக்கும்போது மேலே கறுப்பாகப் படிந்திருந்தால் மின்பகுளி சுத்தமில்லை என்று அர்த்தம். படி 1-க்குத் திரும்புங்கள்.

படி 4: செயற்கைப் புகை

உடனே ஆலைக்கு ஓட வேண்டாம். ஆய்வகத்திலேயே ஆலைப் புகையைக் கலந்துகொள்ளலாம். 12 பங்கு கரியமில வாயு, 38 பங்கு காற்று, 50 பங்கு நைட்ரஜன்: இதில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 8 சதவீதம் வரும். நிமிடத்துக்கு 50 மி.லி. ஓட்டத்துக்கு முறையே 6, 19, 25 மி.லி. கலவையை முதலில் தண்ணீர் உள்ள குப்பியில் விட்டு ஈரப்படுத்துங்கள். இல்லையென்றால் மின்பகுளி வற்றிச் செறிவு மாறிவிடும்.

நான்கு ஓட்டங்கள் அவசியம். வெறும் நைட்ரஜன், தூய கரியமில வாயு, நைட்ரஜனில் 12 சதவீதம், மேலே சொன்ன ஆக்சிஜன் கலந்த கலவை. நைட்ரஜன் ஓட்டத்திலும் சிறிதளவு ஃபார்மேட் வரலாம், பைகார்பனேட்டே கொஞ்சம் கரியமில வாயுவை விடுவிக்கும் என்பதால். அந்த எண்ணை மறைக்காமல் மற்றவற்றோடு சேர்த்தே எழுதுங்கள்.

படி 5: ஓட்டம்

அரை மணி நேரம் வாயுவைக் குமிழ்விட்டுப் பிறகு பி.எச். பாருங்கள். தூய வாயுவில் 0.5 மோலார் பைகார்பனேட்டின் பி.எச். 7.2-ஐ ஒட்டி நிற்கும். 12 சதவீத வாயுவில் அது கிட்டத்தட்ட ஒரு அலகு ஏறி 8.1 அளவுக்கு வரும். இதைக் கவனிக்காமல் இரண்டு ஓட்டங்களையும் ஒரே மின்னழுத்தத்தில் ஒப்பிட்டால் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் பிசகும். வெள்ளி–வெள்ளிகுளோரைடில் படித்த அளவோடு 0.197-ஐயும், பி.எச்.-ஐ 0.059-ஆல் பெருக்கியதையும் கூட்டினால், பி.எச். வேறுபட்டாலும் ஒப்பிட உதவும் மீள் ஹைட்ரஜன் அளவுகோலுக்கு வரும். அந்த அளவுகோலில் வெள்ளீயத்துக்கு மைனஸ் 0.9 முதல் மைனஸ் 1.1 வோல்ட் வரை நல்ல பகுதி. தூய வாயுவில், 0.1 மோலார் பைகார்பனேட்டில், 5 மில்லி ஆம்பியரில் ஹோரி பெற்ற ஃபார்மேட் பங்கு 88 சதவீதம். உங்கள் தூய வாயு ஓட்டத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பவர் சப்ளை மட்டும் இருந்தால் மின்னோட்டத்தை நிலையாக வையுங்கள். நீர்த்த வாயுவுக்குச் சதுர செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர், அதாவது மொத்தம் 10 மில்லி ஆம்பியர், ஆறு மணி நேரம். கலக்கியின் வேகத்தை நடுவில் மாற்றாதீர்கள். நீர்ப்படலத்தின் தடிமனே அதைப் பொறுத்ததுதான். வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜனும் சொற்பமாகக் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். குழாயைப் புகை உறிஞ்சும் அறைக்குள் விடுங்கள்.

படி 6: எவ்வளவு கிடைத்தது?

கேத்தோடு கரைசலில் 10 மி.லி. பிப்பெட் செய்து, கொஞ்சம் சோடியம் கார்பனேட் போட்டு, 0.1 நார்மல் (0.02 மோலார்) பெர்மாங்கனேட் 10 மி.லி. சேர்த்து, கொதிநீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வையுங்கள். பழுப்பு வீழ்படிவு வரும். மேலே ஊதா நிறம் மிச்சமிருக்க வேண்டும். ஆறவிட்டுப் பொட்டாசியம் அயோடைடு போட்டு, நீர்த்த கந்தக அமிலத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். பைகார்பனேட் நுரைத்துப் பொங்கும், அவசரம் கூடாது. விடுபடும் அயோடினை 0.05 நார்மல் தயோசல்பேட்டால் ஸ்டார்ச் வைத்துத் தரம்பாருங்கள். மின்சாரம் பாய்ச்சாத கரைசலில் இதே சோதனையைச் செய்தால் 20 மி.லி. செலவாகும். இரண்டுக்குமான வித்தியாசம்தான் ஃபார்மேட்.

எடுத்துக்காட்டாக, வித்தியாசம் 5.4 மி.லி. என்றால், 10 மி.லி.யில் 0.135 மில்லிமோல், 50 மி.லி.யில் 0.67. அதை மோலாக்கி, இரண்டாலும் (எலக்ட்ரான் எண்ணிக்கை) 96,485-ஆலும் (ஃபாரடே மாறிலி) பெருக்கினால் சுமார் 130 கூலும். நீங்கள் செலுத்தியது 10 மில்லி ஆம்பியர், 21,600 வினாடி, ஆக 216 கூலும். ஃபாரடே திறன், அதாவது செலுத்திய மின்சாரத்தில் ஃபார்மேட்டுக்குப் போன பங்கு, 60 சதவீதம்.

அளவு தெரிந்த சோடியம் ஃபார்மேட்டைப் பைகார்பனேட்டில் கலந்து, போட்டது திரும்பக் கிடைக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி கிடைத்தால் 8.4 பி.பி.எம்.-ஐ ஒட்டி வரும் ஒற்றை முகடு உறுதி செய்யும். 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. டெல்டாவிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இப்படியொரு இடம் இருப்பது நமக்குக் கொடுப்பினை. சந்தேகம் வந்தால் அங்கே உள்ளவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

படி 7: முதலில் பிடி, பிறகு மாற்று

1.4 மில்லி ஆம்பியர் வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் வழியை மாற்ற வேண்டும். பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் புகையைக் குமிழ்விட்டால் கரியமில வாயு மட்டும் பைகார்பனேட்டாகப் பிடிபடும். ஆக்சிஜனும் நைட்ரஜனும் வெளியே போய்விடும். அந்தச் செறிந்த பைகார்பனேட்டை இருமுனைச் சவ்வு (நீரை ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிக்கும் சவ்வு) போட்ட கலத்தில் ஓட்டினால், சவ்விலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி பைகார்பனேட்டை உடைத்து, மின்முனையின் வாசலிலேயே கரியமில வாயுவை விடுவிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெர்லிங்கெட் குழு இந்த வழியை நன்றாக வளர்த்திருக்கிறது. காரக் கரைசலில் வாயு விரவல் மின்முனையை வைத்தால் இரண்டு மூலக்கூறு ஃபார்மேட்டாகும்போது குறைந்தது இன்னொன்று கார்பனேட்டாகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு வாயுவாவது வீண். பைகார்பனேட் வழியில் இந்த இழப்பு பெருமளவு குறையும். ஆக்சிஜன் மிகுந்த நம் ஊர்ப் புகைகளுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. சவ்வின் விலையும் கூடுதல் மின்னழுத்தமும்தான் தடை.

படி 8: மின்சாரக் கணக்கு

இதை எழுதாமல் எந்த அறிக்கையையும் முடிக்காதீர்கள். கலம் 3.5 வோல்ட்டிலும் ஃபாரடே திறன் 80 சதவீதத்திலும் ஓடினால் ஒரு கிலோ ஃபார்மிக் அமிலத்துக்குச் சமமான ஃபார்மேட்டுக்குச் சுமார் 5.1 யூனிட் ஆகும். அது உண்ணும் கரியமில வாயு 0.96 கிலோ. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வெளியேறுகிறது, 5.1 யூனிட்டுக்கு 3.6 கிலோ. ஈ.பி. மின்சாரத்தில் ஓட்டினால் ஒன்றைப் பிடிக்க மூன்றரை மடங்குக்கு மேல் வெளியே விடுகிறோம். சூரிய மின்சாரம் இல்லாமல் இந்த வேலைக்குப் பொருளே இல்லை.

அளவையும் பாருங்கள். ஒரு கிலோ உமி எரிந்தால் சுமார் 1.4 கிலோ கரியமில வாயு. மணிக்கு ஒரு டன் உமி எரிக்கும் பாய்லரின் புகை முழுவதையும் மாற்ற 7 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். அதனால் ஆலைக்கூரையில் உள்ள சோலார் தகடு தாங்கும் பங்கை மட்டும் மாற்றுவது என்று திட்டமிடுங்கள். 1 கிலோவாட் தகடு ஒரு நாளில் 4 யூனிட்டைச் சற்றுத் தாண்டித் தரும். அதில் ஃபார்மிக் அமிலக் கணக்கில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். உமியில் இருக்கும் கார்பன் போன போகத்தில் நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்தது. அதை இன்னொரு முறை பயன்படுத்துவது நிலக்கரிப் புகையைப் பிடிப்பதைவிட நியாயமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

படி 9: ஆலைக்குப் போவது

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் ஆலைகள் தொடர்ந்து ஓடும்போது உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகைபோக்கியில் ஏறாதீர்கள். புகை சோதிப்பதற்கென்று உள்ள மாதிரித் துளையிலிருந்து ஆலை ஊழியர் உதவியோடு எஃகுக் குழாய் வழியாக எடுங்கள். முதலில் கண்ணாடிப் பஞ்சு, பிறகு குளிர்ந்த தண்ணீர்க் குப்பி, அதன் பிறகு சோடியம் பைகார்பனேட் கரைசல் உள்ள குப்பி: சாம்பலும் தாரும் அமில வாயுக்களும் இந்த மூன்றில் பெரும்பாலும் நின்றுவிடும். பாய்லரில் உமி கொட்டும் ஒவ்வொரு தடவையும் கரியமில வாயுவின் அளவு ஏறி இறங்கும் என்பதால், ஒரே நேரத்தில் எடுத்த மாதிரியை நம்பாமல் ஒரு முழு ஷிஃப்டுக்கும் கால் மணிக்கு ஒருமுறை அளந்து, சராசரியையும் மிகக் குறைந்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கலத்தின் மின்னோட்டத்தை அந்த மிகக் குறைந்த அளவுக்கு ஏற்றபடி வையுங்கள்.